கனகாம்பரம் வைப்போம் – கடனுக்கு முன்னால் கணக்குப் போடுவோம்



இந்த மாதப் பாடம் கனகாம்பரம் பற்றியது. கடலூர், சிதம்பரம் பக்கம் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும், "மேடம், பூச்செடி வைக்க லோன் எடுக்கலாமா?" என்று யாராவது ஒருவர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். பூ நமக்குப் புதுசு இல்லை. நம்ம மாவட்டத்தின் இரண்டு பெரிய ஊர்களின் பேரே செடி கொடியில் இருந்து வந்ததுதான். பாதிரி மரத்தால் திருப்பாதிரிப்புலியூர், தில்லை மரத்தால் தில்லை என்கிற சிதம்பரம். கொள்ளிடக் கரையோரம் வல்லம்படுகை, வேளக்குடி பக்கம் பூச் சாகுபடியை நம்பியே பல குடும்பங்கள் இருக்கின்றன.

ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செடி வளர்ப்பது கஷ்டம் இல்லை. செடி பூக்கிற மாதமும் நாம் தவணை கட்டுகிற மாதமும் ஒத்துப்போக வேண்டும். அது ஒத்துப்போகாததால்தான் பூச்செடிக் கடன் பல இடத்தில் தலைவலி ஆகிறது. இந்தப் பாடத்தில் முதலில் செடியைத் தெரிந்துகொள்வோம். பிறகு தண்ணீர்க் கணக்கு, கைக் கணக்கு, தவணைக் கணக்கு என்று மூன்று கணக்குப் போடுவோம்.

கனகாம்பரம் எப்படிப்பட்ட செடி?

கனகம் என்றால் பொன், அம்பரம் என்றால் ஆடை. பொன் ஆடை மாதிரி நிறம் என்பதால் இந்தப் பெயர். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த மண். இடுப்பு உயரம் வரை வளரும் புதர்ச்செடி. கொஞ்சம் நிழல் விழுந்தாலும் தாங்கும். அதனால் கொல்லைப்புறத்துக்கு ஏற்றது.

மல்லிகைக்கு வாசனை உண்டு, ஆனால் மறுநாளே வாடிவிடும். கனகாம்பரத்துக்கு வாசனை இல்லை. ஆனால் நிறமும் உறுதியும் உண்டு. கட்டி வைத்தால் சீக்கிரம் வாடாது, எடையும் ரொம்பக் குறைவு. விடியற்காலையிலேயே மார்க்கெட்டுக்கு ஓட வேண்டிய அவசரம் மல்லிகை அளவுக்கு இல்லை. வீட்டு வேலை, கூலி வேலை இரண்டையும் பார்க்கிற பெண்களுக்கு இது ஒரு வசதி.

இதில் நமக்குத் தெரிய வேண்டிய வகைகள் இரண்டு.

- நாட்டு ஆரஞ்சுக் கனகாம்பரம்: விதை மூலம் வளரும். காய் முற்றியதும் ஈரம் பட்டால் 'பட்'டென்று வெடித்து விதை சிதறும். அதனால் விதை வேண்டும் என்றால், காய் பழுப்பு நிறம் ஆனதும் காய்ந்த கதிரை அறுத்துத் துணிப்பையில் போட்டுக் கட்டி வைக்கணும்.
- டெல்லி கனகாம்பரம்: பூ பெரிசு, நிறம் எடுப்பு. ஆனால் இதில் விதை பிடிக்காது. வேர்பிடித்த குச்சிதான் நடணும். பக்கத்து வீட்டில் நல்ல செடி இருந்தால் குச்சி வாங்கி நாமே நாற்று தயார் செய்யலாம்.

பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா என்று புது ரகங்களையும் வெளியிட்டிருக்கிறது. கிடைத்தால் பத்துச் செடி வைத்துப் பார்த்துவிட்டு அதிகமாக்கலாம்.

முதல் கணக்கு: தண்ணீர் வடியும் கணக்கு

நம்ம ஊரில் பூச்செடிக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி, தேங்கி நிற்கிற தண்ணீர்தான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 நவம்பரில் பெருமழை, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம். இதெல்லாம் யாருக்கும் மறந்திருக்காது.

கொள்ளிடக் கரைக்கு இன்னொரு வெள்ளக் காலமும் உண்டு. இங்கே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும், காவிரியில் தண்ணீர் பெருகினால் ஆடி, ஆவணியிலேயே கொள்ளிடம் நிரம்பி வரும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் பகுதியைத் தண்ணீர் சூழ்ந்தது. ஆகவே கரையோரத்துச் சகோதரிகள் வருஷத்தில் இரண்டு தடவை தண்ணீருக்குத் தயாராக இருக்கணும்.

கனகாம்பரத்தின் வேர் தண்ணீரில் நின்றால் அழுகும். அழுகின வேரில் வாடல் நோய் புகுந்துவிடும். அதனால் எந்த மண்ணில் வைக்கிறோம் என்பது முக்கியம்.

- பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி பக்கத்துச் செம்மண், மணல் கலந்த மண்: நல்லது. தண்ணீர் வடியும்.
- கொள்ளிடப் படுகை மண்: நல்லது. ஆனால் வெள்ளம் ஏறாத மேட்டுப் பகுதியாகப் பார்க்கணும்.
- காட்டுமன்னார்கோவில், குமராட்சி பக்கத்துக் களிமண் வயல்: நேரடியாக நட வேண்டாம். மேட்டுப்பாத்தி கட்டாயம்.
- கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கடலோரம்: மண்ணைவிடக் கிணற்றுத் தண்ணீரைத்தான் முதலில் சோதிக்கணும். உப்புத் தண்ணீரில் இந்தச் செடி தேறாது.

உங்கள் கொல்லை எப்படி என்று தெரிய ஒரு சின்னச் சோதனை. ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி தோண்டுங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது இறங்கியதும் மறுபடி ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் நின்றால் அந்த இடம் தரையில் நடுவதற்கு ஆகாது. சாக்குப் பையிலோ தொட்டியிலோ வைக்கலாம்.

நடுவது எப்படி?

1. நிலத்தை நன்றாகக் கொத்தி, ஒரு சென்டுக்கு சுமார் 100 கிலோ மக்கிய தொழு உரம் போடணும். பச்சைச் சாணி போடக் கூடாது.

2. அரை அடி முதல் ஒரு அடி உயரத்துக்குப் பாத்தியை மேடாகக் கட்டணும். இரண்டு பாத்திக்கு நடுவில் வாய்க்கால் விடணும். அந்த வாய்க்கால் தெருவோர வடிகாலிலோ பள்ளத்திலோ போய்ச் சேரணும். போக வழி இல்லாத வாய்க்கால் குட்டை மாதிரி ஆகிவிடும்.

3. விதை நாற்று என்றால் சுமார் 60 நாள் ஆன கன்றை எடுத்து நடணும். டெல்லி ரகம் என்றால் நன்றாக வேர்பிடித்த குச்சி.

4. நாட்டு ரகத்துக்குச் செடிக்குச் செடி 2 அடி. ஒரு சென்ட் என்பது 436 சதுர அடி. ஆக ஒரு சென்டில் சுமார் 100 செடி வைக்கலாம். டெல்லி ரகத்துக்கு வரிசைக்கு வரிசை 2 அடி, வரிசைக்குள் ஒண்ணேகால் அடி போதும்.

5. நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். வேரைக் கெடுக்கும் நூற்புழுவுக்கு இது தடை. பாத்தி ஓரத்தில் துலுக்க சாமந்தி நட்டால் அதுவும் நூற்புழுவைக் குறைக்கும். அதன் பூவும் விற்கும்.

6. வேர் பிடிக்கும் வரை ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளணும். பிறகு வாரம் ஒரு தடவை, மண்ணைப் பார்த்துத் தண்ணீர் விட்டால் போதும். தொட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம்.

7. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மேலுரம் கொடுக்கணும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை செய்து, தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் கேட்டுப் போடுங்கள்.

நிலம் இல்லாதவர்கள் பழைய உரச்சாக்கை நன்றாகக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய எரு கலந்து வைக்கலாம். பத்துச் சாக்கு இருந்தால் வீட்டுத் தேவைக்குப் பூ வாங்க வேண்டியிருக்காது. வெள்ளம் வந்தால் சாக்கைத் திண்ணைக்குத் தூக்கிவிடலாம்.

நோய் வந்தால்?

வாடல் நோய்: இலை வெளுத்து, ஓரம் சுருண்டு தொங்கும். தண்டின் அடியில் பழுப்பு நிறம் தெரியும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவது வழக்கம். அது பக்கத்துச் செடிக்கும் நோயைக் கொண்டுபோகும். வாடின செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். குப்பைக் குழியில் போட வேண்டாம். அதே குழியில் உடனே வேறு கனகாம்பரம் வைக்க வேண்டாம். நோய் வருமுன் காக்க, டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சாணப் பொடியை மக்கிய எருவில் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் ஒரு வாரம் வைத்துப் பிறகு வேர்ப்பக்கம் போடுங்கள்.

இலை மஞ்சள்: நரம்பு பச்சையாக இருந்து இலை மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கலந்து தெளிக்கலாம்.

அசுவினி, மாவுப்பூச்சி: அரைக் கிலோ வேப்பங்கொட்டையை இடித்து, தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டர் ஆக்கித் தெளியுங்கள். கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்தால் இலையில் ஒட்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய புத்தகங்களில் நூற்புழுவுக்கு ஃபோரேட் குருணை போடச் சொல்லியிருக்கும். அது 2020 டிசம்பர் 31 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட மருந்து. வீட்டு மூலையில் பழசு கிடந்தாலும் தொடாதீர்கள். இது பெண்கள் தலையில் வைக்கிற பூ, பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுகிற பூ. எந்த மருந்தானாலும், வேப்பங்கொட்டைச் சாறே ஆனாலும், காலையில் பூப் பறித்து முடித்த பிறகு சாயங்காலம்தான் தெளிக்கணும்.

இரண்டாவது கணக்கு: கைக் கணக்கு

நட்டு ஏறக்குறைய மூன்று மாதத்தில் பூ வர ஆரம்பிக்கும். கதிரில் கீழிருந்து மேலாக விரியும். நன்றாக விரிந்த பூவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் பறிக்கணும். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிட்டால் புதுக் கதிர் சீக்கிரம் வரும்.

இப்போது கவனமாகப் படியுங்கள். ஒரு கிலோ கனகாம்பரத்துக்கு சுமார் 15,000 பூ வேண்டும். அவ்வளவு லேசான பூ! ஒரு கிலோவுக்கு 15,000 தடவை உங்கள் கை போய்வரணும்.

நாட்டு ரகத்தில் ஒரு ஹெக்டேருக்கு வருஷத்தில் சுமார் 2,000 கிலோ, டெல்லி ரகத்தில் 2,800 கிலோ என்று சொல்கிறார்கள். நம்ம அளவுக்கு மாற்றினால், ஒரு சென்டுக்கு நாட்டு ரகம் வருஷத்துக்கு 8 கிலோ, டெல்லி ரகம் 11 கிலோ. நல்லா பராமரித்தால்தான் இது.

5 சென்ட் நாட்டு ரகம் என்றால் 40 கிலோ. விலை தினமும் மாறும். முகூர்த்த நாளில் ஏறும், மற்ற நாளில் இறங்கும். கணக்குக்காக வருஷச் சராசரி கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோவுக்கு 16,000 ரூபாய். கமிஷன் 10 சதவீதம் என்று வைத்தால் கையில் வருவது 14,400. மாதத்துக்கு 1,200 ரூபாய். இதில் இருந்துதான் எரு, தண்ணீர், பஸ் செலவு எல்லாம்.

இதற்கு எவ்வளவு வேலை? ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் வருஷத்தில் 180 தடவை பறிக்கணும். ஒவ்வொரு தடவையும் சராசரியாக 3,300 பூ. பக்கத்தில் யார் தோட்டமாவது இருந்தால், ஒரு காலையில் கடிகாரம் பார்த்து 100 கிராம் பறித்துப் பாருங்கள். கிலோ 400 என்றால் அந்த 100 கிராமுக்கு விலை 40 ரூபாய். அதற்கு உங்களுக்கு எத்தனை நேரம் ஆனது? அதுதான் உங்கள் உண்மையான கூலி. "வீட்டு வேலைதானே, கூலி எதுக்கு?" என்று சொல்லிவிடாதீர்கள். நம்ம நேரத்தை நாமே கணக்கில் எழுதவில்லை என்றால் வேறு யார் எழுதுவார்கள்?

இங்கேதான் கட்டுகிற கைக்கு மதிப்பு. உதிரியாக எடை போட்டு விற்பதற்கும், கட்டி முழம் போட்டு விற்பதற்கும் வித்தியாசம் உண்டு. அதே 100 கிராமில் எத்தனை முழம் வருகிறது என்று கட்டிப் பாருங்கள். உங்கள் ஊரில் முழம் என்ன விலை என்று விசாரியுங்கள். பஸ் நிலையம், கோவில் வாசல், பள்ளிக்கூட விழா, ஊர்க் கல்யாணம் என்று நேரடியாக விற்க வழி இருந்தால், 5 சென்டைவிட 1 சென்ட் அதிக லாபம் தரலாம்.

விற்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, நாலைந்து பேர் பூவைச் சேர்த்து ஒருவர் கொண்டுபோனால் பஸ் செலவு பங்காகும். எடையும் விலையும் எழுதின துண்டுச்சீட்டைக் கேட்டு வாங்கணும். இரண்டாவது, பறிக்கிற கை பெண் கை, காசு வாங்குகிற கை மட்டும் வேறு கை என்று இருக்கக் கூடாது. கடன் உங்கள் பெயரில் இருக்கிறது. பூக் காசும் உங்கள் கைக்கு வந்தால்தான் தவணை கட்ட முடியும்.

மூன்றாவது கணக்கு: தவணைக் கணக்கு

ஒரு கூட்டத்தில் இப்படிப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

உறுப்பினர்: அக்கா, எனக்கு 10,000 ரூபாய் லோன் வேணும். 5 சென்டுல கனகாம்பரம் வைக்கப்போறேன்.

ஊக்குநர்: நல்லா வை தங்கச்சி. எப்ப நடப்போற?

உறுப்பினர்: ஆடி பொறந்ததும்.

ஊக்குநர்: முதல் பூ எப்ப வரும்?

உறுப்பினர்: மூணு மாசத்துல வந்துடுமாம்.

ஊக்குநர்: ஆடியில நட்டா மூணு மாசம் கழிச்சு ஐப்பசி. ஐப்பசியில நம்ம ஊருக்கு என்ன வரும்?

உறுப்பினர்: அடைமழை வரும்.

ஊக்குநர்: அப்போ பூ?

உறுப்பினர்: மழையில கொட்டிடும். தை பொறந்தாத்தான் ஒழுங்கா பறிக்க முடியும்.

ஊக்குநர்: லோன் தவணை எப்ப ஆரம்பிக்கும்?

உறுப்பினர்: ஆவணியில.

ஊக்குநர்: ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அஞ்சு தவணை. இதை எதுல கட்டுவ?

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் என்ன ஆகும்? தவணை கட்ட இன்னொரு இடத்தில் கடன் வாங்குவோம். தோடு அடகுக்குப் போகும். தையில் பூ வரும்போது அந்தக் காசு பழைய வட்டிக்கே சரியாகிவிடும். செடி நன்றாக இருக்கும், வைத்தவர் கடனில் இருப்பார்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது.

வழி 1: சின்னதாக ஆரம்பிப்பது. 1 சென்டில் 100 செடி. சொந்தச் சேமிப்போ சிறிய உள்கடனோ போதும். அந்தச் செடியில் இருந்தே விதையோ குச்சியோ எடுத்து அடுத்த வருஷம் பெருக்கலாம். மழையில் போனாலும் போவது சின்ன நஷ்டம்.

வழி 2: நடவைத் தை, மாசிக்கு மாற்றுவது. மழை ஓய்ந்த பிறகு நட்டால் சித்திரை, வைகாசியில் பூ வரும். தவணை இடைவெளி மூன்று மாதம்தான். அடுத்த மழைக்குள் செடி திடமாகிவிடும். ஆனால் கோடையில் தண்ணீர் விட வசதி இருக்கணும். கைப்பம்பில் குடம் குடமாகத் தூக்க வேண்டியிருந்தால் 5 சென்ட் வேண்டாம், 1 சென்ட் போதும்.

வழி 3: தவணையை மாற்றுவது. ஆடியில்தான் நடுவேன் என்றால், முதல் ஐந்து மாதம் வட்டி மட்டும், தையில் இருந்து அசலும் வட்டியும் என்று குழுவில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். குழுவின் சொந்தச் சேமிப்பில் இருந்து கொடுக்கும் உள்கடனுக்கு இப்படிச் செய்யலாம். வங்கிக் கடனில் இருந்து கொடுத்தால் முடியாது. வங்கிக்குக் குழு மாதாமாதம் கட்டியே ஆகணும். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் தலையில் விழும்.

வாரத் தவணைக்குக் கொடுக்கும் தனியார் கடனை வாங்கிப் பூச்செடி வைக்கவே வைக்காதீர்கள். பூ வர மாதக்கணக்கில் ஆகும். அடுத்த வாரமே தவணை கேட்கும் கடன் இதற்குப் பொருந்தாது.

மாதம் 1,000 அசல், நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றால் 10,000 ரூபாய் கடனுக்கு முதல் தவணை 1,100. மேலே போட்ட கணக்கில் மாத வரவு 1,200. மிச்சம் வெறும் 100 ரூபாய்! அதனால் இந்தக் கடனைப் பத்து மாதத்தில் அடைப்பதைவிட இருபது மாதத்தில் அடைப்பது நல்லது. நல்லா பராமரித்தால் செடி இரண்டு, மூன்று வருஷம் பலன் தரும்.

யாரிடம் கேட்கலாம்?

வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம், விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம், அண்ணாமலை நகரில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலம். தனியாகப் போவதைவிடக் குழுவாகப் போய்க் கேளுங்கள். போகும்போது நோய் வந்த செடியை வேர் மண்ணோடு ஒரு பையில் எடுத்துப் போங்கள். வாயால் சொல்வதைவிடச் செடியைப் பார்த்தால் சரியான பதில் கிடைக்கும்.

இந்த மாதக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம்ம ஊரில் எந்த எந்தக் கொல்லையில் மழைத் தண்ணீர் ஒரு நாளுக்குள் வடிகிறது? பேர் பேராக எழுதுங்கள்.
2. 100 கிராம் பறிக்க எத்தனை நேரம், கட்டினால் எத்தனை முழம்? ஒருவர் செய்து பார்த்து அடுத்த கூட்டத்தில் சொல்லணும்.
3. யாராவது பூச்செடிக்குக் கடன் கேட்டால் "எந்த மாதம் நடவு, எந்த மாதம் பூ, எந்த மாதம் தவணை" என்கிற மூன்று கேள்வியையும் கேட்டுத் தீர்மானத்தில் எழுதுவோமா?

எழுதத் தெரியாத உறுப்பினர் இருந்தால் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள். ஊக்குநர், தங்கச்சி பேச்சை இரண்டு பேர் எழுந்து நடித்துக் காட்டலாம். சிரிப்பும் வரும், கணக்கும் மனசில் நிற்கும்.

முதலில் குழியைத் தோண்டித் தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள். லோன் மனு அதற்குப் பிறகு எழுதலாம்.